கூலிக்காரிக்கும் வம்சாவளி உண்டு

திருநீர்மலையிலும் அதைச் சுற்றியுள்ள பம்மல், அனகாபுத்தூர், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கங்களிலும் இணையத்தில் குடும்ப மரம் வரைவதைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான். “அதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழுதுபோக்குங்க. அவங்களுக்கு சர்ச்சுல ரெக்கார்டு இருக்கு, குடும்பப் பேர் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? அப்பா பேரோட முதல் எழுத்து. தாத்தாவுக்கு அப்பன் பேர் தெரிஞ்சாலே பெரிய விஷயம்.” படித்தவர்கள் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ப்பார்கள்: தமிழ்நாட்டில் வேர் தேடினால் அது சாதியில்தான் போய் முட்டும், ஆகவே தேடாமல் இருப்பதே முற்போக்கு. தேடினால் ஒன்றும் கிடைக்காது என்கிறது முதல் வாதம். கிடைத்தால் கெடுதல் என்கிறது இரண்டாவது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறு. யாருக்கு வரலாறு மறுக்கப்பட்டதோ அவர்களுக்கே அதை மறுபடியும் மறுக்கிற வாதங்கள் இவை என்பதால், இவற்றைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நம்மவர்களுக்கு இதில் அக்கறையே கிடையாது என்பதிலிருந்து தொடங்கலாம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாக ஒரு படிவம் வந்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் உங்கள் தாய் தந்தை போன்ற உறவினர் பெயர் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று அது கேட்டது. தாம்பரம், பல்லாவரம் வட்டாரம் வெளியூர்க்காரர்களால் நிரம்பியது. கல்லுடைக்க வந்தவர்கள், தோல் தொழிற்சாலைக்கு வந்தவர்கள், தறி நெய்ய வந்தவர்கள், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளில் வேலை பார்க்க வந்தவர்கள் என்று ஒவ்வொரு தெருவும் பத்து மாவட்டம். அத்தனை பேரும் ஊருக்கு போன் போட்டார்கள். “சித்தி, அம்மா அப்ப எந்த ஸ்கூல்ல ஓட்டுப் போட்டாங்க?” “பெரியப்பா, தாத்தா பேரு லிஸ்டுல எப்படி எழுதியிருந்தது?” இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலை கைப்பேசியில் திறந்து, செத்துப்போன தாயின் பெயரைத் தேடினார்கள். அந்தத் திருத்தத்தின் நியாய அநியாயம் தனி விவாதம். ஆனால் அந்தச் சில வாரங்களில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு நடந்த வேலைக்குப் பெயர் வம்சாவளித் தேடல்தான். அக்கறை இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அரசு கேட்டால் தேடுகிறோம். நமக்காகத் தேடுவதற்குத்தான் தயங்குகிறோம்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் மரம் வரைய முடியாது என்பதும் ஆராயாமல் சொல்லப்படுவது. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று தகப்பன் பெயர்தான் அங்கேயும். அந்த நாட்டு மக்கள் 2003 முதல் ‘ஈஸ்லெண்டிங்காபோக்’ என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள். எந்த இரண்டு ஐஸ்லாந்துக்காரருக்கும் இடையில் என்ன உறவு என்று அது சொல்கிறது. தகப்பன் பெயர் தேடலுக்கு உதவத்தான் செய்கிறது. ‘முனுசாமி’ என்று மட்டும் இருந்தால் ஆயிரம் முனுசாமி. ‘சின்னப்பன் மகன் முனுசாமி, வயது 24’ என்று இருந்தால் ஆளை நெருங்கிவிடலாம்.

இப்படி எழுதிய பட்டியல்கள் உண்மையாகவே இருக்கின்றன என்பதுதான் ‘நமக்கு ஆவணம் இல்லை’ என்பவர்களுக்கு என் முதன்மையான பதில். சென்னையிலிருந்து புறப்பட்டுப் போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையில் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ரயில்வேக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழரும் தெலுங்கருமாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், எந்தத் துரையிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் அன்பினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்கவும், ஐந்தாண்டு ஒப்பந்தத்தைக் கணக்குப் பார்க்கவும் எழுதினார்கள். எதற்காக எழுதியிருந்தாலும் எழுத்து இருக்கிறது. நேட்டால் கப்பல் பட்டியல்கள் வரலாற்றாய்வாளர்களின் உழைப்பால் கணினியில் ஏற்றப்பட்டு, எண்ணையோ பெயரையோ கொண்டு தேடும் நிலைக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது.

அந்தப் பட்டியலில் செங்கல்பட்டு ஜில்லா திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைக்குத் திருநீர்மலையும் பல்லாவரமும் இருந்த ஜில்லா அதுதான். பஞ்சமும் கடனும் பண்ணையார் அடியும் துரத்தியதில் இந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத குடிகள். இப்போது யோசித்துப் பாருங்கள். 1870களில் இங்கே ஊரில் பெரிய மனிதராக, மிராசுதாரராக வாழ்ந்த ஒருவருடைய மனைவிக்குப் பெயர் என்ன, அவள் எந்த ஊர்ப் பெண், அவளுடைய தகப்பன் யார் என்று கேட்டால் அந்த வீட்டுக் கொள்ளுப்பேரனுக்குப் பெரும்பாலும் தெரியாது. அதே காலத்தில் சென்னை டிப்போவில் கைநாட்டு வைத்து நேட்டாலுக்குப் போன கூலிக்காரிக்கு ஒரு எண் உண்டு. தன் சொந்தப் பெயரில், தன் தகப்பன் பெயரோடு, தன் கிராமத்தின் பெயரோடு ஒரு வரி உண்டு. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்ற விதியால் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்படிப் பதிவானார்கள். தனியாகப் போனவர்கள் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏழைத் தமிழ்ப் பெண்ணைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லிக் குறித்துவைத்த காகிதங்கள் உலகத்தில் மிகக் குறைவு. ‘வம்சாவளி ராஜா வீட்டுச் சமாச்சாரம்’ என்பவர்கள் இந்த ஒரு உண்மைக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

மொரீஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1834 முதல் அங்கே இறங்கிய சுமார் நாலரை லட்சம் இந்தியரின் பதிவேடுகள் மோக்கா நகரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1860களில் தொடங்கி எடுக்கப்பட்ட புகைப்படங்களும் இருக்கின்றன. தன் பூட்டனின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு மொரீஷியஸ் கூலியின் சந்ததிக்கு உண்டு. இங்கே ஒரு சராசரிக் குடும்பத்துக்குக் கிடையாது. அந்தப் பதிவேட்டு நகல் அவர்களுக்கு நினைவுப் பொருள் மட்டும் இல்லை. 2024 மார்ச்சில் இந்தியா, மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ (ஓசிஐ) அட்டை பெற வழி செய்தது. ஏழு தலைமுறையைக் கோத்துக் காட்ட ஒரு கூலிக்காரரின் கொடிவழிக்கு முடியும் என்று நம்பித்தானே அந்த அறிவிப்பு?

ஆனால் எல்லாத் தமிழருக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. கங்காணி அழைத்துப்போன இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆள்வாரிப் பட்டியல் பெரும்பாலும் இல்லை. இல்லாமல் போனதன் விலை என்ன என்பதை மலையகத் தமிழர் கொடுத்தார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. லயத்து வீட்டில் பிறந்தவருக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்திருந்தார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று எண்ணிக்கை பேசி முடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் கொழுந்து பறித்த குடும்பங்கள் இரண்டு நாட்டுக்குமாகப் பிரிந்தன. அக்காள் நுவரெலியாவில், தங்கை நீலகிரியில். அந்த இருவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஒருவரையொருவர் கண்டுபிடிக்க அரசாங்கப் பதிவேடு உதவாது. இரண்டு பக்கத்திலும் யாராவது குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்றி, பாட்டி பெயரும் தோட்டத்தின் பெயரும் பொருந்தினால்தான் உண்டு. அவர்களிடம் போய் ‘இது பொழுதுபோக்கு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அஸ்ஸாமைப் பாருங்கள். தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்காக 1951 பதிவேடும் 1971க்கு முந்தைய வாக்காளர் பட்டியல்களும் கணினியில் ஏற்றப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் வம்ச விருட்சம் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இல்லை. தகப்பனோடு தங்களை இணைத்துக் காட்டக் காகிதம் இல்லாமல் அதிகம் திண்டாடியவர்கள் கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள். நம் குடும்ப மரம் நம் கையில் இல்லாதபோது அதை வேறு யாரோ கேட்டு, வேறு யாரோ தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இனி சாதிக்கு வருகிறேன். இந்த எதிர்ப்பில் நேர்மையான கவலை இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இணையக் குடும்ப மரங்களைச் சாதிச் சங்கங்கள் ஆண்ட பரம்பரைக் கதை கட்டவும், வரன் பார்க்கவும் பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். மரபணு ஆய்வின் பெயரிலும் அந்தப் பெருமை வருகிறது. உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தைச் சேர்ந்த விருமாண்டி என்பவரின் இரத்தத்தில் எம்130 என்ற மிகத் தொன்மையான குறியை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை வழியே வந்த மனிதர்களின் தடம் அது. உடனே அவரை ‘முதல் இந்தியன்’ ஆக்கினார்கள் பத்திரிகைக்காரர்கள்; தங்கள் சாதிக்கு அது பட்டம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் குறி தகப்பனின் தகப்பனின் தகப்பன் என்ற ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டுவது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். அவற்றில் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு மற்ற 1,023 பேரைத் தள்ளிவிடுவதுதான் பரம்பரைப் பெருமையின் கணக்கு.

ஆக, சாதிப் பெருமைக்கு வேண்டியது பாதிக்கும் குறைவான மரம். அதற்கு மருந்து மரத்தை வெட்டுவதா, முழுதாக வரைவதா? நான் முழுதாக வரையச் சொல்கிறேன். ஜெனியோ வீக்கிட்ரீயோ ஃபேமிலிசர்ச்சோ எதுவானாலும், அந்தக் கருவி ஒவ்வொரு பெயருக்கு மேலும் இரண்டு கட்டம் போடுகிறது: ஒன்று தகப்பனுக்கு, ஒன்று தாய்க்கு. தாயின் கட்டம் காலியாகக் கிடந்தால் அது கண்ணை உறுத்தும். நம் ஊர்க் கதைசொல்லிகளும் சங்கத்து மலர்களும் அந்தக் கட்டத்தையே போட்டதில்லை. அகமணம் நம் சமூகத்தைப் பல நூற்றாண்டுகளாக இறுக்கிக் கட்டியிருக்கிறது என்பது உண்மை. மரம் வரைந்தவுடன் சாதி உதிர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழு மரத்தில் விதவையாகித் திரும்பிய அத்தை வருகிறாள், இரண்டாம் தாரம் வருகிறாள், ஊரார் பேரே சொல்லாமல் விட்ட பெண் வருகிறாள், தத்துப்பிள்ளை வருகிறான். கப்பலேறிப் போனவர்களின் பக்கத்தில் இன்னும் ஒன்று நடக்கிறது. நேட்டால் தோட்டங்களில் ஊர்த்தெரு, சேரி என்ற எல்லை தாண்டிக் கல்யாணங்கள் நடந்தன. அங்கிருந்து வேர் தேடி வருகிறவருக்கு ஒரு பாட்டனார் ஊர்த்தெருவிலும் ஒரு பாட்டி காலனியிலும் கிடைக்கலாம். இரண்டு தெருவிலும் உறவு சொல்லி நிற்கிற அந்த விருந்தாளியைச் சாதி எங்கே உட்கார வைக்கும்?

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிட அவசரமான காரணமும் உண்டு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். வேறு வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்த நிலம் முதன்முதலில் யார் பெயரில் ஒப்படைக்கப்பட்டது, அவருக்கு யார் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எங்கே என்று கோத்துக் காட்டுவதும் வம்சாவளிதான். அந்த வாரிசுகளில் சிலர் இதே தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் வாடகை வீட்டில் இருக்கலாம். தன் கொள்ளுப்பாட்டன் பெயரில் பட்டா இருந்தது அவர்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். ‘தேடாதே, சாதி வரும்’ என்று அவர்களுக்கு உபதேசம் செய்கிறவர் யாருக்கு உதவி செய்கிறார்? நிலத்தை வாங்கிப் போட்டவனுக்கு.

பெண்கள் பெயர் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பிகளும் அவர்களின் தகப்பன், பாட்டனும் இருப்பார்கள். விடுதலைப் பத்திரத்தைத் தேடுங்கள். அதில்தான் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். கணவன் பெயர், போய் வாழ்ந்த ஊர், வயது எல்லாம் இருக்கும். தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்த பிறகு, அந்தக் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நிற்காது என்ற நிலை வந்தது. பெண்களின் பெயர்கள் பத்திரங்களில் பெருகின. பங்கை விட்டுக்கொடுத்த காகிதத்தின் வழியாகவே அத்தையின் கிளையைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது வேதனைதான். ஆனாலும் அந்தக் கிளை அங்கே இருக்கிறது. பத்திர எண்ணைக் கண்டுபிடிக்க வில்லங்கச் சான்றை வீட்டில் இருந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். இறப்பின் காரணத்தை மட்டும் தர மாட்டார்கள். இவ்வளவும் இருக்கும்போது ‘ரெக்கார்டு இல்லை’ என்பது தேடாதவர்களின் பேச்சு.

இந்தத் தேடல் மேலே போவதற்கு மட்டும் உரியது என்று நினைப்பதும் தவறு. எத்தனையாவது பூட்டன் வரை போனோம் என்பதில் எனக்கு ஆர்வம் குறைவு. பக்கவாட்டில் யாரைக் கண்டோம் என்பதுதான் பெரிது. திருநீர்மலைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். மலைமேல் அரங்கநாதர், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் என்று பக்தர்கள் வரும் இந்த ஊருக்குக் கல்யாண ஊர் என்ற பெயரும் உண்டு. வீட்டார் கூடி நடத்தும் கல்யாணங்களோடு, வீட்டாருக்குத் தெரியாமல் இரண்டு நண்பர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து தாலி கட்டிக்கொண்டவர்களையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு அம்மா பக்கத்திலோ அப்பா பக்கத்திலோ ஒரு பாதி உறவே தெரியாது. மாமா இருக்கிறார் என்று தெரியும், முகம் தெரியாது. சண்டை பெரியவர்களுடையது, இழப்பு பிள்ளைகளுடையது. அந்தப் பிள்ளை ஒரு தளத்தில் தன் தாத்தா பெயரையும் ஊரையும் போட்டு வைக்க, எங்கோ கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் அதே தாத்தாவின் இன்னொரு பேத்தி அதைப் பார்த்து ஒரு செய்தி அனுப்பினால், இரண்டு குடும்பமும் முப்பது ஆண்டாகப் பேசாமல் விட்டதை அந்த இருவரும் பேசத் தொடங்கலாம். சாதியை மீறியதற்காகக் குடும்பம் வெட்டிவிட்ட கிளையை மறுபடி ஒட்டுவது சாதிக்குச் செய்யும் தொண்டு என்று யார் சொல்வார்கள்?

கருவிகளிடம் குறை இல்லையா என்றால், உண்டு. மற்றவர்கள் போட்ட மரத்தைச் சரிபார்க்காமல் ஒட்டிக்கொள்கிறவர்களால் ஒரே பிழை நூறு மரங்களில் பரவுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில் ஒரே ஆள் இரண்டு வழியில் உறவாகிறார். மரபணுப் பரிசோதனை அதைக் குழப்பிக்கொண்டு, தூரத்து உறவை நெருங்கிய உறவாகக் காட்டிவிடும். அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் தகவல்கள் களவுபோயின; 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. எச்சில் கொடுத்தவர்களின் மரபணு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. நமக்குத் தேவையானது பெயரும் ஊரும் பத்திரமும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் பொதுவில் போடாதீர்கள். அவர்களைக் கேட்காமல் படம் ஏற்றாதீர்கள். இந்தக் கட்டுப்பாடு போதும்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. டர்பனில் இருக்கும் ஒருவர் தன் தாத்தாவின் கல்யாணச் சான்றில் உள்ள எண்ணை வைத்துக் கப்பலையும் தேதியையும் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்பதையும் கண்டுபிடித்துவிடுகிறார். கிராமத்தின் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். அது திருநீர்மலையா, திருவண்ணாமலையா, வேறு ஏதாவது மலையா என்று இங்கே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் எங்கே போவார்? ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. சைதாப்பேட்டைத் தாலுகா உடைந்து தாம்பரம், பல்லாவரம் என்று தாலுகாக்கள் வந்தன. 2021இல் திருநீர்மலைப் பேரூராட்சியே தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பதிவேடுகள் அலுவலகம் மாறின. கிராம முன்சீப்பும் கர்ணமும் வைத்திருந்த கணக்குகள் 1980இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கைமாறின. அரசின் இணையதளத்தில் இன்றைய பட்டா கிடைக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் அந்தச் சர்வே எண்ணில் யார் பெயர் இருந்தது என்பது கிடைக்காது. கடலுக்கு அந்தக் கரையில் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். இந்தக் கரையில் நாம் இன்னும் தூணே நடவில்லை.

பதிவேடு இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து, எந்தத் தொழிலார் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையாக இருந்த ஊர்க்கணக்கு ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஊர்களின் கணக்குகள் 2001இல் புத்தகமாகவே வந்தன. அதேபோல மற்ற ஊர்களுக்கும் வர வேண்டாமா?

தமிழ்நாடு அரசிடம் கேட்பது இவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தாலுகா அலுவலகங்களிலும் இருக்கும் பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளையும் ‘அ’ பதிவேடுகளையும் நூறு ஆண்டு கடந்த பிறப்பு இறப்புப் பதிவுகளையும் படமெடுத்து, ஊர்ப் பெயராலும் ஆள் பெயராலும் தேடும்படி இணையத்தில் இலவசமாகத் திறந்து வையுங்கள். பஞ்சமி நில ஒப்படைப்புப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். மொரீஷியஸ் போன்ற சிறிய தீவால் முடிந்தது தமிழ்நாட்டால் முடியாதது அல்ல.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறிய வேலை. உங்கள் வீட்டில் உள்ள மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மா பிறந்த ஊர், அவரோடு பிறந்தவர்கள், கப்பலேறியோ ரயிலேறியோ போய்த் திரும்பாதவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஒரு நோட்டிலும், ஏதாவது ஒரு குடும்ப மரத் தளத்திலும் இந்த மாதமே ஏற்றிவிடுங்கள். அந்தப் பெயர்களில் பல எந்தப் பதிவேட்டிலும் இல்லை; அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.